பாணினியின் உரைகாரர்கள் தவறாகத்தான் படித்தார்களா?

2022 டிசம்பரில் ஒரு செய்தி எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த ரிஷி ராஜ்போபட் என்ற இளைஞர், சமஸ்கிருத இலக்கணம் வகுத்த பாணினியின் ஒரு சூத்திரத்துக்குப் புதுப்பொருள் கண்டு, 2500 ஆண்டுப் புதிரை அவிழ்த்துவிட்டார் என்பது செய்தி. அதைப் படித்த நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அப்படியானால் இத்தனை நூற்றாண்டாக உரை எழுதியவர்கள் எல்லாரும் தவறாகவே படித்தார்களா? ஒரே புத்தகத்துக்கு உரை, உரைக்கு உரை, அதற்கும் ஓர் உரை என்று எழுதிக்கொண்டே போனார்களே, அவர்கள் புதிதாக என்னதான் செய்தார்கள்?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குள் இருக்கும் ஒரு எண்ணத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. உரைகாரர்கள் பழசையே திரும்பச் சொன்னவர்கள் என்ற எண்ணம் அது. அந்த நூல்களோடு பல வருஷம் பழகியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பாணினியின் நூல் எப்படிப்பட்டது என்று பார்த்துவிடுவோம். அஷ்டாத்யாயீ என்றால் எட்டு அத்தியாயம் உள்ளது என்று பொருள். ஏறத்தாழ 4000 சூத்திரங்கள். பல சூத்திரங்களில் மூன்று நான்கு சொற்களுக்குமேல் இருக்காது. 'இகோ யண் அசி' என்று ஒரு சூத்திரம் (6.1.77). இக் என்ற குறியீட்டுக்குள் இ, உ, ரு, லு என்ற உயிர்கள் அடங்கும். யண் என்றால் ய, வ, ர, ல. அச் என்றால் எல்லா உயிரும். உயிர் பின்னால் வந்தால் இகரம் யகரமாகும், உகரம் வகரமாகும் என்பது கருத்து. இதி + ஆதி சேர்ந்து இத்யாதி ஆவது இதனால்தான். நாம் அன்றாடம் சொல்லும் 'இத்யாதி'யே இந்தச் சூத்திரத்துக்கு உதாரணம்.

ஆனால் அந்த மூன்று சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் இதைப் புரிந்துகொள்ள முடியாது. குறியீடுகள் எங்கோ விளக்கப்பட்டிருக்கும். முந்தைய சூத்திரத்திலிருந்து சில சொற்கள் இதற்குள் தொடர்ந்து வரும். இதை 'அனுவிருத்தி' என்பார்கள். எந்தச் சொல் எதுவரை தொடர்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதைப் பாணினி எழுதி வைக்கவில்லை. அவர் காலத்து மாணவன் ஆசிரியர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டான். ஆக, உரை என்பது இந்த நூலுக்குப் பின்னால் ஒட்டவைத்த பொருள் இல்லை. ஏதோ ஒரு வடிவில், வாய்மொழியாகவாவது, அது முதல் நாளிலிருந்தே நூலோடு இருந்திருக்க வேண்டும்.

உரை எப்படி இருக்க வேண்டும் என்று, மகாபாஷ்யம் என்ற பேருரை எழுதிய பதஞ்சலியே அதன் முதல் பகுதியான பஸ்பசத்தில் சொல்கிறார். சூத்திரத்தைச் சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டுவது மட்டும் வியாக்கியானம் ஆகாது. உதாரணம், எதிர் உதாரணம், விட்டுப்போன சொல்லை வருவித்து வாக்கியத்தை நிரப்புவது, இவை எல்லாம் சேர்ந்தால்தான் வியாக்கியானம். நன்னூல் படித்தவர்களுக்குக் காண்டிகை, விருத்தி என்ற பாகுபாடு நினைவுக்கு வரும். விருத்தி என்ற சொல்லே வடமொழி மரபிலிருந்து வந்ததுதான்.

பாணினி, குறைநிறை ஆராய்ந்து வார்த்திகம் எழுதிய காத்யாயனர், கி.மு. 150 வாக்கில் மகாபாஷ்யம் எழுதிய பதஞ்சலி. இந்த மூவரையும் முனித்ரயம் என்பார்கள். கருத்து வேறுபட்டால் பிந்திய முனிவர் சொன்னதே செல்லும் என்பது மரபின் விதி. இடைக்கால உரைகாரர்கள் எல்லாரும் இந்த மூவருக்குப் பின்னால் வந்தவர்கள். அவர்களில் யாரும் முனி என்ற இடத்துக்கு உரிமை கொண்டாடியதில்லை.

நடுவில் ஒரு கட்டத்தில், ஆசிரியர் வாயால் கற்பிக்கும் அந்தத் தொடர்ச்சியே அறுந்துபோயிருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த பர்த்ருஹரி, வாக்கியபதீயத்தின் இரண்டாம் காண்டத்து முடிவில் இதைப் பதிவு செய்கிறார். பதஞ்சலியின் சீடர்களிடமிருந்து நழுவிப்போன இலக்கண மரபு, காலப்போக்கில் தென்னாட்டவரிடம் வெறும் ஏட்டளவில் மட்டும் தங்கியிருந்ததாம். பிறகு சந்திராசாரியர் முதலானோர் ஒரு மலையிலிருந்து அதைப் பெற்று மறுபடி பல கிளைகளாக வளர்த்தார்களாம். அது எந்த மலை என்று இன்றும் வாதம் நடக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 'ஏட்டளவில்' என்ற சொல். எழுத்து இருந்தது, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அப்படி அறுந்துபோன கயிற்றை மறுபடி முறுக்கியதுதான் இடைக்கால உரைகாரர்கள் செய்த முதல் வேலை.

பர்த்ருஹரி மகாபாஷ்யத்துக்கே ஓர் உரை எழுதினார். அதில் ஒரு பகுதிதான் நமக்குக் கிடைத்திருக்கிறது.

அடுத்து காசிகை. ஏழாம் நூற்றாண்டு. ஜயாதித்யர், வாமனர் என்ற இருவர் எழுதியது. முதல் ஐந்து அத்தியாயம் முன்னவருடையது, கடைசி மூன்று பின்னவருடையது என்பது பொதுவான கருத்து. அஷ்டாத்யாயீ முழுவதற்கும் சூத்திர வரிசையிலேயே போகும் உரைகளில் முழுமையாகக் கிடைப்பவற்றில் இதுவே பழையது. சீனப் பயணி யீ ஜிங் ஜயாதித்யரின் உரையைப் பற்றி எழுதியிருக்கிறார். 15 வயதில் பையன்கள் இதைத் தொடங்கி 5 ஆண்டில் புரிந்துகொள்கிறார்களாம். சீனாவிலிருந்து இந்தியாவுக்குப் படிக்க வருகிறவர்கள் முதலில் இதைத்தான் கற்க வேண்டும் என்றும் சொல்கிறார். ஜயாதித்யர் கி.பி. 661 வாக்கில் காலமானார் என்று நாம் கணக்கிடுவதும் யீ ஜிங்கின் குறிப்பை வைத்துத்தான்.

காசிகையின் அழகு அதன் ஒழுங்கில் இருக்கிறது. அனுவிருத்தியை நிரப்பி முழு வாக்கியம் சொல்லும். உதாரணம் தரும். பிறகு சூத்திரத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் எடுத்து 'இதி கிம்?' என்று கேட்கும். 'இந்தச் சொல் எதற்கு?' என்று அர்த்தம். நம் சூத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். 'அசி' என்ற சொல் எதற்கு? அது இல்லாவிட்டால் பின்னால் மெய் வந்தாலும் இகரம் யகரமாகிவிடும். 'ததி கரோதி' என்பது கெட்டுப்போகும். ஆகவே அந்தச் சொல்லுக்கு வேலை இருக்கிறது. இப்படி ஒவ்வொரு சொல்லையும் எடுத்துவிட்டு என்ன உடைகிறது என்று பார்ப்பார்கள். எதுவும் உடையவில்லை என்றால் பிரச்சினை ஆரம்பமாகும்: பாணினி வீணாக ஒரு சொல் வைப்பாரா? வைக்கமாட்டார் என்றால் அந்தச் சொல் வேறு எதையோ குறிப்பாக உணர்த்துகிறது. இதை 'ஞாபகம்' என்பார்கள். இந்த ஞாபகங்களிலிருந்துதான் பரிபாஷைகள் எனப்படும் பொதுவிதிகள் பலவற்றைக் கண்டெடுத்தார்கள். அரை மாத்திரை சிக்கனமானால் பிள்ளை பிறந்ததுபோல் கொண்டாடுவார்கள் இலக்கணிகள் என்று ஒரு பழமொழியே அவர்களுக்குள் உண்டு.

இந்த வேலை ஒரு நூலை ஒருவர் படித்துச் சொல்லும் கருத்துரை போன்றதல்ல. கட்டடத்தில் ஒவ்வொரு செங்கல்லையும் தட்டிப்பார்த்துச் சத்தம் கேட்பது போன்றது. 4000 சூத்திரத்துக்கும் இதைச் செய்திருக்கிறார்கள், தலைமுறை தலைமுறையாக.

காசிகைக்கு இரண்டு பெரிய உரைகள். ஒன்று ஜினேந்திரபுத்தி எழுதிய நியாசம். அவர் பௌத்தர். மாகன் எழுதிய சிசுபாலவதத்தில் ஒரு சுலோகம் உண்டு. ஒற்றர் இல்லாத அரசியல் சோபிக்காது, பஸ்பசம் இல்லாத இலக்கணக் கல்வி போல என்று ஒரே சொல்லை இரு பொருளில் ஆள்கிறது. அதே சுலோகத்தில் விருத்தி, நியாசம் என்ற சொற்களும் சிலேடையாக வருகின்றன. கவிதை ரசிக்கிறவனுக்கு இந்த நூல்களின் பெயர் தெரிந்திருக்கும் என்று கவி எதிர்பார்க்கிறான். அந்தக் காலத்துப் படிப்பின் மையத்தில் இலக்கணம் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று ஹரதத்தரின் பதமஞ்சரி. எனக்கு மிகவும் பிடித்த உரைகாரர் இவர். தென்னாட்டுக்காரர். தர்ம சூத்திரங்களுக்கு எழுதிய உரைகளில் திராவிட தேசத்து வழக்கங்களைத் தெரிந்தவராக எடுத்துச் சொல்கிறார். காசிகை என்ற பெயருக்கு 'காசியில் தோன்றியது' என்று பொருள் சொன்னவரும் இவர்தான். மற்ற உரைகாரர்களின் நடை வறண்டிருக்கும். இவர் நடையில் ஒரு துள்ளல் உண்டு. சொல்லாக்கமும் தர்க்கமும் அடர்ந்த காட்டுக்குள் மனம் களித்து நுழைந்துவிட்ட ஹரதத்தன் என்னும் சிங்கம் இஷ்டம்போலத் திரிவதை யார் தடுக்க முடியும் என்று தன்னைப் பற்றி ஒரு சுலோகம் பாடியிருக்கிறார். 'ஹரி' என்றால் சிங்கம்; பெயரின் முதல் எழுத்துகளோடு அது ஒலிக்கிறது. வெறும் பெருமை என்று சிலர் ஒதுக்குவார்கள். பதமஞ்சரியைப் படித்தால் அந்தச் சந்தோஷம் உண்மையானது என்று தெரியும். காசிகை மகாபாஷ்யத்திலிருந்து எங்கெல்லாம் விலகுகிறதோ அங்கெல்லாம் அதைச் சுட்டிக்காட்டத் தயங்கமாட்டார். தான் உரை எழுதும் நூலையே மறுக்கும் உரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

அதே மனப்பான்மையை இன்னொரு சுருதியில் கேட்க வேண்டுமானால் கையடர். காஷ்மீர்க்காரர், பதினோராம் நூற்றாண்டை ஒட்டியவர். மகாபாஷ்யத்துக்கு அவர் எழுதிய உரையின் பெயர் பிரதீபம், விளக்கு. தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்: பாஷ்யக் கடல் எங்கே, மந்த புத்தியுள்ள நான் எங்கே, ஆனாலும் ஹரி கட்டிய நூற்பாலத்தின் மீது, நொண்டியைப் போல மெதுவாக நடந்து மறுகரை சேர்வேன். ஹரி என்பது பர்த்ருஹரி. சேது கட்டிய ராமனும் ஹரிதான். இந்த அடக்கத்தைச் சம்பிரதாயம் என்று தள்ளிவிட முடியாது. நூலெங்கும் அவர் அப்படித்தான் நடக்கிறார், ஒரு அடி வைத்து, ஊன்றிப் பார்த்து, அடுத்த அடி. பாஷ்யம் உரையாடலாக எழுதப்பட்டது. ஒருவன் ஆட்சேபம் சொல்வான், இன்னொருவன் அரைகுறையாகப் பதில் சொல்வான், மூன்றாமவன் முடிப்பான். யார் பேசுகிறார் என்று பெயர் இருக்காது. எது ஆட்சேபம், எது முடிவு என்று தெரியாமல் படித்தால் தலைகீழாகப் புரிந்துகொள்வோம். இன்று நாம் மகாபாஷ்யத்தை வாசிக்க முடிவதற்குக் கையடர் ஒரு முக்கியமான காரணம்.

சரி, நண்பரின் கேள்வியில் இருந்த அந்தச் சூத்திரத்துக்கு வருவோம். 'விப்ரதிஷேதே பரம் கார்யம்' (1.4.2). ஒரே இடத்தில் இரண்டு விதிகள் மோதினால் 'பரம்' ஆனதைச் செய் என்கிறது. பரம் என்றால் பிந்தியது. அஷ்டாத்யாயீ வரிசையில் பின்னால் வரும் சூத்திரம் வெல்லும் என்பது மரபுப் பொருள்.

ராம சப்தம், அதாவது 'ராம' என்ற சொல்லின் வேற்றுமை வடிவங்களை மனப்பாடம் செய்தவர்கள் 'ராமாப்யாம், ராமேப்ய:' என்று சொல்லியிருப்பார்கள். ராம + ப்யாம் என்னும்போது 7.3.102 என்ற சூத்திரம் அகரத்தை ஆகாரமாக்குகிறது, ராமாப்யாம் கிடைக்கிறது. ராம + ப்யஸ் என்னும்போது அதே சூத்திரமும் வரப்பார்க்கிறது. ஆனால் அடுத்த சூத்திரம் 7.3.103, பன்மையில் ஏகாரம் ஆகட்டும் என்கிறது. இரண்டும் மோதுகின்றன. பிந்தியது வெல்கிறது, ராமேப்ய:. காசிகையே 1.4.2க்கு இந்த வகை உதாரணத்தைத்தான் தருகிறது, விருக்ஷேப்ய: என்று. எல்லாம் சுகம்.

எல்லா இடத்திலும் இப்படி நடந்தால் உரைகாரர்களுக்கு வேலையே இல்லை. 'துத்' என்ற தாதுவை (வினை வேரை) எடுத்துக்கொள்ளுங்கள். துத் + தி. இங்கே உகரம் ஓகாரமாக வேண்டும் என்று 7.3.86 சொல்கிறது. வேருக்கும் விகுதிக்கும் நடுவில் அகரம் என்ற விகரணம் (இடைநிலை) வர வேண்டும் என்று 3.1.77 சொல்கிறது. வரிசையில் பிந்தியது 7.3.86. அதன்படி முதலில் ஓகாரம் செய்தால் 'தோததி' என்று வரும். ஆனால் வழக்கில் உள்ள சொல் 'துததி'. பிந்தியது வெல்லும் என்ற விதி இங்கே தவறான சொல்லைத் தருகிறது.

இலக்கணிகள் கண்ட தீர்வு இது. ஓகாரம் செய்தாலும் செய்யாவிட்டாலும் விகரணம் வந்தே தீரும். அப்படிப்பட்ட விதிக்கு 'நித்தியம்' என்று பெயர். ஆனால் விகரணம் வந்துவிட்டால், அந்த விகரணத்தின் இயல்பு காரணமாக, ஓகாரத்துக்கு இடமில்லாமல் போய்விடுகிறது. எனவே ஓகார விதி நித்தியம் அல்ல. பிந்தியதைவிட நித்தியம் வலியது என்று கொண்டால் துததி சரியாக வரும். இப்படியே ஒவ்வொரு சிக்கலாகப் பார்த்துப் பார்த்து, முந்தியது, பிந்தியது, நித்தியம், அந்தரங்கம் (சொல்லின் உட்பகுதியைப் பொறுத்த விதி), அபவாதம் (விதிவிலக்கு) என்று ஒன்றைவிட ஒன்று வலிமை கூடிய ஓர் ஏணியைக் கட்டினார்கள். பரிபாஷைகளுக்குப் பின்னாளில் நாகேசர் எழுதிய பரிபாஷேந்துசேகரத்தில் 38ஆம் பரிபாஷை இதுதான்.

ராஜ்போபட் சொல்வது: 'பரம்' என்பதற்குச் சூத்திர வரிசையில் பிந்தியது என்று பொருள் கொண்டதே பிழை, சொல்லில் வலப்பக்கம் நடக்கும் மாற்றம் வெல்லும் என்று கொண்டால் இந்த ஏணியே பெரும்பாலும் தேவைப்படாது. அறிஞர்களிடையே இது விவாதத்தில் இருக்கிறது. எனக்கு அது ஆழமான யோசனையாகவே படுகிறது, முழுதாக ஒப்புக்கொள்ள இன்னும் மனம் வரவில்லை. ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிந்தியது வெல்லும் என்ற பொருள் பல இடத்தில் பொருந்தவில்லை என்பது 2022இல் தெரியவந்த விஷயமல்ல. பதஞ்சலியே, பரம் என்றால் இங்கே 'இஷ்டம்', அதாவது வேண்டிய சொல்லைத் தருவது எதுவோ அது என்று கொள்ளலாம் என்று ஒரு வழி சொல்லியிருக்கிறார். காத்யாயனர் காலத்திலிருந்தே எந்தெந்த இடத்தில் விதி சறுக்குகிறது என்று எடுத்து எழுதி வைத்திருக்கிறார்கள். உரைகாரர்கள் அந்தத் தழும்புகளை மறைக்கவில்லை. ஒவ்வொன்றையும் உதாரணத்தோடு அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள். இன்றைய ஆய்வாளன் தன் கொள்கையைச் சோதித்துப் பார்க்க உட்கார்ந்தால், அவன் கையில் இருக்கும் சிக்கலான சொற்களின் பட்டியல் அவர்கள் சேர்த்ததுதான். ஆகவே அவர்கள் தவறு செய்தார்களா என்ற கேள்விக்கு, ஒரு சூத்திரத்தில் செய்திருக்கலாம், அதைக் கண்டுபிடிக்கும் வழியையும் விட்டுச் சென்றார்கள் என்பதே என் பதில்.

இதுவரை சொன்னவர்கள் எல்லாம் பாணினியின் வரிசையை மாற்றாமல் உரை எழுதியவர்கள். அந்த வரிசை சூத்திரங்களைச் சுருக்குவதற்காக அமைந்தது. ராமன் என்ற ஒரு சொல்லை உருவாக்க எட்டு அத்தியாயத்திலும் அங்கங்கே போய்வர வேண்டும். நூல் முழுவதும் மனப்பாடமாக இருக்கிறவனுக்கு அது சுலபம். பையனுக்கு அது காடு. அதனால் சந்தி ஒரு பக்கம், பெயர்ச்சொல் ஒரு பக்கம், வினை ஒரு பக்கம் என்று சூத்திரங்களைப் பொருள்வாரியாக மாற்றி அடுக்கும் வழக்கம் வந்தது. இதைப் 'பிரக்ரியை' மரபு என்பார்கள். பலரும் இதைப் பட்டோஜி தீட்சிதரோடு, பதினேழாம் நூற்றாண்டோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அதற்கு 600 ஆண்டு முன்பே தமிழ்நாட்டுப் பாடசாலையில் இது நடந்துகொண்டிருந்தது. கல்வெட்டே இருக்கிறது.

விழுப்புரம் பக்கத்து எண்ணாயிரம். முதலாம் ராஜேந்திர சோழன் காலம், 1025 வாக்கு. அங்கே நரசிம்மப் பெருமாள் கோயிலில் உள்ள கல்வெட்டு ஒரு கல்லூரியின் கணக்கைச் சொல்கிறது. இளைய மாணவர் 270 பேர். ரிக் வேதத்துக்கு 75, யஜுர் வேதத்துக்கு 75 என்று பிரித்துக்கொண்டே வந்து, ரூபாவதாரம் படிப்பவர் 40 பேர் என்கிறது. மூத்த மாணவர் 70 பேர். அதில் வியாகரணம் 25, பிரபாகர மீமாம்சை 35, வேதாந்தம் 10. இளையவனுக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல், மூத்தவனுக்கு 1 குறுணி 2 நாழி. 1048ஆம் ஆண்டைச் சேர்ந்த திரிபுவனிக் கல்வெட்டிலும் ரூபாவதாரம் பாடமாக வருகிறது. திருவொற்றியூர்க் கோயிலில் பாணினி இலக்கணம் கற்பிக்க வியாகரண தான மண்டபமே இருந்தது.

ரூபாவதாரம் தர்மகீர்த்தி என்பவர் எழுதியது. அதே பெயருள்ள தர்க்க நூலாசிரியரோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பௌத்தர். சர்வஜ்ஞனை, அதாவது எல்லாம் அறிந்தவனை வணங்கி, சிறுவர்களுக்குப் புரிய வைப்பதற்காக இதைச் செய்கிறேன் என்று தொடங்குகிறார். பாணினியின் சூத்திரங்களைத் தேவைக்கேற்பப் பொறுக்கிப் பொருள்வாரியாக அடுக்கியிருக்கிறார். ஒரு பௌத்தர் எழுதிய பாடநூலைப் பெருமாள் கோயில் கல்லூரியில் வேதம் ஓதும் பையன்களுக்கு நடுவே 40 பேர் படித்திருக்கிறார்கள், அதற்கு ஊர் நெல் அளந்திருக்கிறது. அந்தக் கல்வெட்டின் பாடத்தை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு இருந்த வியப்பு இன்னும் குறையவில்லை. இலக்கணம் யாருடைய சமயச் சொத்தாகவும் அங்கே கருதப்படவில்லை. நியாசம் எழுதியவர் பௌத்தர், வங்காளத்தில் பாஷாவிருத்தி எழுதிய புருஷோத்தமதேவர் பௌத்தர். அவர் வேத மொழிக்கு மட்டும் உரிய சூத்திரங்களை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு உரை செய்தார். சமணர்கள் தங்களுக்கென்று தனி இலக்கணங்களே இயற்றினார்கள்.

அதே கிழக்கிந்தியாவில் சரணதேவர் 1173 வாக்கில் எழுதிய துர்கட விருத்தி ஒரு தனி வகை. பெருங்கவிகளின் பிரயோகங்களில் இலக்கணத்துக்கு ஒத்துவராததுபோல் தெரியும் இடங்களை எடுத்து, அவற்றுக்கு எப்படியாவது ஒரு வழி கண்டுபிடிப்பதுதான் அந்த நூல். தமிழ் இலக்கணக்காரர் வழுவமைதி என்பாரே, அந்த வேலை. எப்படிப்பட்ட இடங்கள் என்று கேட்டால், காளிதாசன் ரகுவம்சத்தில் 'பாதயாம் ப்ரதமம் ஆஸ' என்று ஒரே வினைச்சொல்லின் இரு பாதிகளுக்கு நடுவே வேறொரு சொல்லை நுழைத்திருக்கிறான். அப்படி இடைவெளி விடக்கூடாது என்பது காத்யாயனர் வார்த்திகம். காளிதாசன் தவறு செய்தானா, விதிதான் குறுகியதா? இந்தக் கேள்வியின் மீது பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கேரளத்து மேல்புத்தூர் நாராயண பட்டதிரி, நாராயணீயம் பாடியவர், பிரக்ரியா சர்வஸ்வம் என்ற பெரிய இலக்கண நூலும் எழுதியவர், இன்னும் துணிந்து போனார். பாணினி சொல்லாதது என்பதற்காக ஒரு பிரயோகத்தைத் தள்ளக்கூடாது என்று சோழ நாட்டுப் பண்டிதர்களோடு வாதாடித் தனியாகவே ஒரு சிறு நூல் செய்தார்.

இனி காசி. ஆந்திரத்து ராமசந்திரர் எழுதிய பிரக்ரியா கௌமுதிக்குக் காசியில் சேஷ கிருஷ்ணர் உரை எழுதினார். அவரிடம் படித்தவர் பட்டோஜி தீட்சிதர். பட்டோஜி எழுதிய சித்தாந்த கௌமுதி, பாணினியின் சூத்திரங்கள் அனைத்தையும், வேத மொழிக்கும் ஸ்வரத்துக்கும் (உச்சரிப்பின் ஏற்ற இறக்கத்துக்கும்) உரியவை உட்பட, பொருள்வாரியாக மாற்றி அடுக்கியது. அதற்கு அவரே பிரௌட மனோரமை என்று உரையும் எழுதினார். அந்த உரையில் தன் குருவின் கருத்துகளை வரிசையாக மறுத்தார். குருவின் வீட்டாருக்கு இது பொறுக்கவில்லை. சேஷ கிருஷ்ணரின் மகன் வீரேசுவரரிடம் பாடம் கேட்டவர் ஜகந்நாத பண்டிதர், ஷாஜகான் அவையில் பண்டிதராஜர் பட்டம் பெற்றவர். அவர் மனோரமையைக் கிழித்து ஒரு நூல் எழுதினார். அதன் தலைப்பே ஒரு வசை. குருவை வெறுத்ததால் புத்தி கெட்டவர் என்று பட்டோஜியைச் சாடினார்.

இந்தச் சண்டையை வெறும் ஆள் சண்டையாகச் சொல்லிவிடுகிறார்கள். உள்ளே பார்த்தால் விஷயம் பெரியது. பட்டோஜி ஒவ்வொரு இடத்திலும் கேட்பது ஒன்றே: இதற்குப் பாஷ்யத்தில் ஆதாரம் இருக்கிறதா? காசிகை சொன்னாலும், நியாசம் சொன்னாலும், தன் ஆசிரியரே சொன்னாலும், பாஷ்யத்தோடு முரண்பட்டால் அவர் ஏற்கமாட்டார். நயமாகச் சொல்லியிருக்கலாம் என்று எனக்கும் தோன்றும். ஆனால் அவர் வைத்த அளவுகோல் சரியானது. அதே பட்டோஜி வேதாந்தத்தில் நம் அடையபலம் அப்பய்ய தீட்சிதரிடம் பாடம் கேட்டவர்.

கௌமுதி வெற்றிபெற்ற வேகம் பயங்கரமானது. கௌமுதி மனப்பாடமாக இருந்தால் பாஷ்யம் படிப்பது வீண், மனப்பாடமாக இல்லாவிட்டாலும் பாஷ்யம் படிப்பது வீண் என்று சுலோகமே கட்டிவிட்டார்கள். பட்டோஜியின் மாணவர் வரதராஜர் அதைச் சுருக்கி லகு கௌமுதி செய்தார். இன்றும் பாடசாலைகளில் முதல் நூல் அதுதான். தஞ்சாவூரில் மராட்டிய மன்னர்கள் காலத்தில் வாசுதேவ தீட்சிதர் கௌமுதிக்குப் பாலமனோரமை என்ற உரை எழுதினார். எதையும் தாண்டிக்குதிக்காமல், ஒவ்வொரு படியாகக் கைபிடித்துக் கூட்டிப்போகும் உரை அது. தானே படிக்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல துணை இல்லை என்பது என் அனுபவம்.

இந்த வெற்றிக்கு ஒரு விலையும் உண்டு. வரிசையைக் கலைத்ததால் அனுவிருத்தி கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. 'பிந்தியது' என்ற சொல்லுக்கே கௌமுதிக்குள் அர்த்தமில்லை. எது எதற்குப் பிந்தியது என்று எண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுராவில் இருந்த விரஜானந்தர் கௌமுதியே வேண்டாம், அஷ்டாத்யாயீயைத்தான் படிக்க வேண்டும் என்று நின்றார். அவர் சீடர்தான் தயானந்த சரஸ்வதி. நான் கௌமுதி வழியாகப் படித்துப் பிறகு காசிகைக்குப் போனவன். காசிகையில் நுழைந்த பிறகுதான் பாணினியின் கட்டுமானம் கண்ணில் பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் கௌமுதி இல்லாமல் அந்த வாசல்வரை வந்திருப்பேனா என்பது சந்தேகம்.

கடைசிப் பெரியவர் நாகேச பட்டர். மராட்டியர், காசியில் வாழ்ந்தவர், பட்டோஜியின் பேரன் ஹரி தீட்சிதரிடம் படித்தவர். கையடரின் பிரதீபத்துக்கு உத்த்யோதம், கௌமுதிக்குச் சப்தேந்துசேகரம், பரிபாஷைகளுக்குப் பரிபாஷேந்துசேகரம், சொற்பொருள் தத்துவத்துக்கு மஞ்ஜூஷை. ஜெய்ப்பூர் மன்னர் ஜெய்சிங்கின் அசுவமேதத்துக்கு அழைப்பு வந்தபோது, காசியை விட்டு வெளியேறுவதில்லை என்று விரதம் இருப்பதாகச் சொல்லி மறுத்தார் என்பார்கள். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. சப்தேந்துசேகரம் என் மகன், மஞ்ஜூஷை என் மகள், இருவரையும் சிவன் பாதத்தில் சேர்த்தேன் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

உண்மையில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், லகு கௌமுதியில் சந்தியும் ராம சப்தமும் முடித்துவிடுங்கள். இரண்டு மாதம் போதும். அப்புறம் 1.4.2 ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காசிகையில் அதற்குச் சில வரிகள்தான். அதன்பின் மகாபாஷ்யம், அதன்கீழ் கையடர், பிறகு நாகேசரின் 38ஆம் பரிபாஷை, கடைசியாக ராஜ்போபட்டின் வாதம். இந்த வரிசையில் படித்துவிட்டு, துததியை இரண்டு வழியிலும் ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி பேசுவோம்.